மூன்று இறுதிப்போட்டிகள், இரண்டு வீடுகள்

டேவிஸ் கோப்பையில் இந்திய ஆடவர் அணி மூன்று முறை இறுதிச் சுற்றை எட்டியிருக்கிறது. மூன்று முறையும் அணியைத் தோளில் சுமந்ததில் சென்னையின் இரண்டு குடும்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. குடும்பங்கள் செய்த வேலையை நாடு எப்போது செய்யப்போகிறது?

1966 டிசம்பர். கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரை. இந்தியாவும் பிரேசிலும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்களை வென்று சமநிலையில் நிற்கின்றன. ஐந்தாவது ஆட்டத்தை வெல்பவரின் நாடு டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவைச் சந்திக்கும். வலைக்கு இந்தப் பக்கம் ராமநாதன் கிருஷ்ணன், அந்தப் பக்கம் இடதுகை ஆட்டக்காரர் தோமாஸ் காக். டை-பிரேக்கர் வந்திராத காலம். மூன்றாவது செட் 12-10 வரை இழுத்து காக்கின் கைக்குப் போனது. இரண்டு செட்டுக்கு ஒன்று என முன்னிலை பெற்ற அவர், நான்காவது செட்டிலும் 5-2 என்று முந்தினார். இன்னும் ஒரு கேம் எடுத்தால் பிரேசில் மெல்போர்ன் போகலாம்.

அந்த ஒரு கேமை கிருஷ்ணன் கொடுக்கவில்லை. அடுத்தடுத்து ஐந்து கேம்களை எடுத்து அந்த செட்டை 7-5 என்று முடித்தார். ஐந்தாவது செட்டை 6-2 என்று வென்றார். முதல்முறையாக இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது.

கிரிக்கெட்டில் 1983 எப்படிப் பேசப்படுகிறதோ, அப்படிப் பேசப்பட வேண்டிய நாள் அது. அமெரிக்காவைத் தோற்கடித்துவிட்டு வந்த பிரேசிலை வென்ற நாள். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் பத்தில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். நமக்கு ஒரு பெரிய டென்னிஸ் மரபு இருந்தது, இருக்கிறது. அது எப்படி உருவானது, ஏன் இளைத்தது, திரும்ப எழ என்ன வேண்டும் என்பதைப் பேசுவதற்கு இது சரியான நேரம். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கிடைத்த வெற்றி அதற்கான காரணத்தைக் கொடுத்திருக்கிறது.

தனியாள் ஆட்டத்தில் ஒரு நாடு

டென்னிஸ் தனியாள் ஆட்டம். ஆண்டு முழுக்க ஊர் ஊராகத் தனியாகப் பயணம், தனியாகத் தோல்வி, தனியாக வெற்றி. அந்த ஆட்டத்துக்குள் ஓர் அணியை உருவாக்கியது டேவிஸ் கோப்பை. 1900-இல் ஹார்வர்டு மாணவர் டுவைட் டேவிஸ் கொடுத்த வெள்ளிக் கோப்பைக்காக அமெரிக்காவும் பிரிட்டனும் பாஸ்டனில் மோதியதில் தொடங்கியது இந்தப் போட்டி.

நீண்ட காலம் அதன் அமைப்பு மாறவேயில்லை. முதல் நாள் இரண்டு ஒற்றையர் ஆட்டங்கள். இரண்டாம் நாள் இரட்டையர். மூன்றாம் நாள் எதிராளிகளை மாற்றி மீண்டும் இரண்டு ஒற்றையர். ஐந்தில் மூன்றை வென்றால் வெற்றி. ஒவ்வோர் ஆட்டமும் ஐந்து செட்டுக்குப் போகலாம். எந்த நாட்டில் நடக்கிறதோ, அந்த நாடு தரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த அமைப்பில் இரண்டு பேர் இருந்தாலே ஓர் அணி உலகத்தை அசைத்துவிடலாம். ஒற்றையரில் நெஞ்சுரம் உள்ள ஒருவர், அவருக்குத் துணையாக இன்னொருவர், இருவரும் சேர்ந்து இரட்டையரையும் வென்றுவிட்டால் போதும். நூறு நல்ல ஆட்டக்காரர்களை உருவாக்க முடியாத நாடும் இரண்டு மிகச் சிறந்தவர்களை வைத்துக்கொண்டு வல்லரசுகளைச் சாய்க்கலாம். டேவிஸ் கோப்பையில் இந்தியாவின் கதை பெரும்பாலும் இந்தக் கணக்கின் கதைதான்.

இந்தியா முதன்முதலில் களம் இறங்கியது 1921-இல். முதல் மோதலிலேயே பாரிசில் பிரான்சை வென்றது. முகமது சலீம், ஃபைஸி சகோதரர்கள் போன்றோர் ஆடிய காலம் அது. நாடு விடுதலை பெறாத அந்த நாட்களிலேயே இந்தியா என்ற பெயரில் ஓர் அணி ஐரோப்பிய மைதானங்களில் நின்றது. அதன்பின் முப்பது ஆண்டுகள் கழித்து வந்தவர்தான் இந்த மரபுக்கு முதுகெலும்பாக ஆனார்.

அப்பா சொல்லிக்கொடுத்த ஆட்டம்

ராமநாதன் கிருஷ்ணன் 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். குடும்பம் தென்காசி வழிவந்தது. அப்பா டி.கே. ராமநாதன் நல்ல ஆட்டக்காரர். அதைவிடக் கண்டிப்பான பயிற்சியாளர். மகனுக்கு வேறு பள்ளி, வேறு குரு எதுவும் இல்லை. 1954-இல் கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆள் அவர். 1960, 1961 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். முதல் ஆண்டு நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டில் பட்டத்தை வென்றவர்கள்.

பலமாக அடித்து ஆளை மிரட்டும் ஆட்டம் அல்ல அவருடையது. பந்தை மென்மையாகத் தொட்டு, எதிராளி இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைக்கும் ஆட்டம். அவருடைய சர்வ் வேகமில்லாதது என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் பந்து திரும்பி வந்தபின் அந்த ஆடுகளம் முழுவதும் அவருடைய ஆளுகைக்குள் வந்துவிடும்.

ஜாக் கிரேமர் நடத்திய தொழில்முறைக் குழுவில் சேரப் பெரும் தொகையுடன் அழைப்பு வந்தது. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். தொழில்முறைக்குப் போனவர்களுக்கு டேவிஸ் கோப்பையில் அன்று இடம் கிடையாது. போயிருந்தால் 1966 நடந்திருக்காது. அந்த முடிவை எண்ணிப்பார்க்கும்போது நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் புரியும்.

அந்த அணி அவர் ஒருவரால் மட்டும் ஆனதும் அல்ல. ஜெய்தீப் முகர்ஜி, பிரேம்ஜித் லால் என்ற இரு வங்காளத்து ஆட்டக்காரர்கள் அவருக்கு இரு தோள்களாக நின்றார்கள். 1966 டிசம்பர் கடைசி வாரத்தில் மெல்போர்ன் கூயாங் மைதானத்தில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தபோது, எதிரணியில் ராய் எமர்சன், ஃப்ரெட் ஸ்டோல், ஜான் நியூகோம்ப், டோனி ரோச். அணித் தலைவர் ஹாரி ஹாப்மன். அந்தக் காலத்தில் அதைவிடப் பலமான அணி உலகில் இல்லை. முதல் நாளிலேயே இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் இந்தியா இழந்தது.

இரண்டாம் நாள் இரட்டையர். முந்தைய ஆண்டு விம்பிள்டனை வென்ற ஜோடியான நியூகோம்பும் ரோச்சும் முதல் செட்டை எடுத்தார்கள். கிருஷ்ணனும் முகர்ஜியும் அடுத்த மூன்று செட்களை 7-5, 6-4, 6-4 என்று கைப்பற்றினார்கள். மறுநாள் எமர்சன் கிருஷ்ணனை வென்று கோப்பையை உறுதிசெய்துகொண்டார். முடிவு 4-1. ஆனால் அந்த ஒற்றை வெற்றி இந்திய டென்னிசுக்கு ஒரு தன்னம்பிக்கையைக் கொடுத்தது. இரட்டையர் நமக்குக் கைவந்த கலை என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

ஆடாமல் விட்ட கோப்பை

எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது இரண்டாவது வாய்ப்பு. இந்த முறை சென்னையின் இன்னொரு வீடு. தாய் மேகி அமிர்தராஜ் பெட்டி தயாரிக்கும் தொழிலகம் நடத்தியவர். தந்தை ராபர்ட் ரயில்வேயில் பணிபுரிந்தவர். ஆனந்த், விஜய், அசோக் என மூன்று பிள்ளைகள். விஜய் சிறுவயதில் நுரையீரல் நோயால் அடிக்கடி படுத்தவர். உடம்பு தேறட்டும் என்றுதான் அவரை மைதானத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை 1973-இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் கால் இறுதிக்கு வந்து நின்றது. கடைசிப் பிள்ளை அசோக்கும் 1974 விம்பிள்டன் சிறுவர் பிரிவில் இறுதிவரை போனவர். 

1974-இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை இந்தியா 3-2 என்று வென்றது. எட்டாண்டுக்கு முன்பு மெல்போர்னில் பட்ட தோல்விக்குப் பதில். அந்த ஒரே மோதலில் ஆடப்பட்ட கேம்களின் எண்ணிக்கை 327. டேவிஸ் கோப்பை வரலாற்றிலேயே அது சாதனை. இன்றைய மூன்று செட் டென்னிஸில் அந்த எண்ணிக்கையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதன்பின் பூனாவில், விம்பிள்டன் இறுதியில் ஆடியிருந்த அலெக்ஸ் மெட்ரெவெலியின் சோவியத் அணியும் வீழ்ந்தது. இந்தியா மீண்டும் இறுதிப்போட்டியில்.

எதிரே தென்னாப்பிரிக்கா.

நிறவெறியைச் சட்டமாக வைத்து ஆண்ட நாடு அது. உலகிலேயே முதல் நாடாக 1946-இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்டது இந்தியா. அந்த நாட்டோடு ஒரு கோப்பைக்காகக் கைகுலுக்குவதா என்ற கேள்வி எழுந்தபோது, இந்திரா காந்தி அரசின் காலத்தில் இந்தியா ஆட மறுத்தது. ஆடாமலே தென்னாப்பிரிக்கா கோப்பையை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய நான்கைத் தவிர வேறு எந்த நாட்டுக்கும் அதுவரை போகாத கோப்பை அது. ஐந்தாவது நாடாக இந்தியாவின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கலாம்.

தமிழர்களுக்கு இந்த முடிவு அந்நியமானது அல்ல. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போய் நேட்டாலில் தங்கிவிட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தச் சட்டங்களின் கீழ்தான் இரண்டாந்தரக் குடிகளாக வாழ்ந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைசென்று உயிர்விட்ட மண் அது. வெள்ளையர் மட்டுமே நாட்டின் பெயரால் ஆட முடிந்த ஓர் அணியோடு, சென்னையிலிருந்து போன இரு தமிழ்ச் சகோதரர்கள் பந்தடித்துக் கோப்பை வாங்கியிருந்தால் அந்தக் கோப்பையை எங்கே வைத்துக்கொண்டாடியிருப்போம்?

அதே சமயம், அந்தச் சகோதரர்கள் இழந்ததைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. விஜய்க்கு அப்போது இருபது வயது, ஆனந்துக்கு இருபத்திரண்டு. வாழ்நாளின் மிகச் சிறந்த வாய்ப்பு கைக்கு வந்து, பந்தைத் தொடாமலே போனது. வென்றிருப்போம் என்ற நம்பிக்கையை ஆனந்த் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு நாடு தன் கொள்கைக்காகக் கொடுத்த விலையை இரண்டு இளைஞர்கள் தங்கள் கணக்கில் கட்டினார்கள். அந்த முடிவு சரியானது. அதற்கான நன்றியை நாம் இன்னும் அவர்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

இரண்டு வீடுகளும் சேர்ந்தபோது

மூன்றாவது இறுதி 1987. இந்த முறை இரண்டு வீடுகளும் ஒரே அணியில். கிருஷ்ணனின் மகன் ரமேஷ், தாத்தா டி.கே. ராமநாதனிடம் ஆட்டம் கற்றவர். அப்பாவைப் போலவே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை 1979-இல் வென்றவர். அப்பாவைப் போலவே மென்மையான கை. ஆனந்தும் விஜயும் அனுபவசாலிகள். விஜய் ஆட்டக்காரராகவும் தலைவராகவும் இரட்டைச் சுமையை ஏற்றார். வயது முப்பத்துமூன்று.

டெல்லியில் முதல் சுற்றில் அர்ஜென்டினா. மார்ட்டின் ஜைட்டேயிடம் தோல்வியின் விளிம்புவரை போய்விட்டு விஜய் மீண்டு வந்தார். இந்தியா 3-2 என்று தப்பியது. அடுத்து இஸ்ரேல் எளிதாக வீழ்ந்தது. அரையிறுதி சிட்னியில். முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற ஆஸ்திரேலியா, தன் சொந்தப் புல்தரையில் காத்திருந்தது. அந்த மோதலும் ஐந்தாவது ஆட்டம்வரை போனது. ரமேஷ் கிருஷ்ணன் வாலி மசூரை 8-6, 6-4, 6-4 என்று நேர் செட்களில் வென்றார். 21 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் ஐந்தாவது ஆட்டத்தை அப்பா வென்று கொடுத்தார், சிட்னியில் மகன். டேவிஸ் கோப்பையில் இப்படி ஒரு குடும்பக் கதை வேறெந்த நாட்டுக்கும் எளிதில் வாய்க்காது.

இறுதிப்போட்டி ஸ்வீடனின் கோதென்பர்கில். வீட்டுக்காரர் என்ற உரிமையில் ஸ்வீடன் தேர்ந்தெடுத்தது உள்ளரங்கில் களிமண் தரை. பந்து தாழ்ந்து வழுக்கிப் போகும் புல்லில் வளர்ந்த நம் ஆட்டக்காரர்களுக்கு, பந்து மெதுவாக எழும்பி வரும் அந்தத் தரை எதிரியாகவே நின்றது. அடுத்த ஆண்டு மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வெல்லப்போகும் மாட்ஸ் விலாண்டர் எதிரே இருந்தார். முடிவு 5-0.

அந்தத் தோல்வி ஓர் உண்மையைச் சொன்னது. புல்தரையும் இரண்டு மூன்று பெரிய ஆட்டக்காரர்களும் நம்மை இறுதிவரை கொண்டுபோக முடியும். கோப்பையைத் தூக்க எல்லாத் தரையிலும் ஆடக்கூடிய ஒரு தலைமுறை வேண்டும். அந்தத் தலைமுறையை ஒரு வீட்டால் வளர்க்க முடியாது.

பதினாறு வயதில் வந்தவர்

அமிர்தராஜ் குடும்பம் இதை உணர்ந்தே இருந்தது. 1980-களின் நடுவில் பிரிட்டானியா நிறுவனத்தின் துணையோடு அவர்கள் சென்னையில் தொடங்கிய பயிற்சித் திட்டம், நாடெங்கும் இருந்து சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துத் தங்கவைத்து ஆடக் கற்றுக்கொடுத்தது. கல்கத்தாவிலிருந்து அங்கே வந்த ஒரு பையன்தான் லியாண்டர் பயஸ்.

1990-இல், பதினாறு வயதில், தலைவர் நரேஷ் குமார் அவரை அணிக்குள் இறக்கினார். 1993-இல் பிரான்சின் ஃப்ரேஜுஸ் நகரில், களிமண் தரையில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோப்பையை வென்றிருந்த பிரான்சை இந்தியா 3-2 என்று வென்றது. இருபது வயது லியாண்டரும் முப்பத்திரண்டு வயது ரமேஷும் சேர்ந்து செய்த வேலை அது. இறுதி ஆட்டத்தை மீண்டும் ரமேஷ் முடித்துவைத்தார். தந்தை நடந்த பாதையின் முடிவில் தனக்குப்பின் வருபவருக்கு வழிவிட்டு, அந்த ஆண்டிலேயே அவர் ஓய்வுபெற்றார். சண்டிகரில் நடந்த அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்றது. இன்றுவரை அதுதான் நம் கடைசி அரையிறுதி.

நாட்டுக்காக ஆடும்போது லியாண்டர் வேறு ஆளாக மாறிவிடுவார். 1995-இல் டெல்லியில், உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களில் ஒருவரான கோரான் இவானிசெவிச்சிடம் இரண்டு செட்களை இழந்தபின் எழுந்து ஐந்து செட்களில் வென்றார். தரவரிசைப் பட்டியலைப் பார்த்தால் இருவரையும் ஒரே ஆடுகளத்தில் வைக்கவே முடியாது. மகேஷ் பூபதியோடு சேர்ந்து டேவிஸ் கோப்பை இரட்டையரில் தொடர்ந்து 24 வெற்றிகள். 2018-இல் சீனாவில் ரோகன் போபண்ணாவுடன் ஆடி வென்றபோது, இத்தாலியின் நிக்கோலா பியட்ராஞ்செலியைத் தாண்டி டேவிஸ் கோப்பை வரலாற்றில் மிக அதிக இரட்டையர் வெற்றிகள் பெற்றவர் ஆனார்.

2010-இல் நம் நுங்கம்பாக்கம் மைதானமும் ஒரு பெரிய நாளைப் பார்த்தது. பிரேசிலுக்கு எதிராக முதல் நாளில் இரண்டு ஆட்டங்களையும் இழந்த இந்தியா, இரட்டையரில் லியாண்டரும் பூபதியும், பின் ஒற்றையரில் சோம்தேவ் தேவ்வர்மனும் போபண்ணாவும் தந்த வெற்றிகளால் 3-2 என்று மீண்டது. மறு ஆண்டு கோப்பையின் உச்சநிலையான உலகப் பிரிவில் செர்பியாவிடம் தோற்றதோடு அந்தக் கதவு மூடியது. அதற்குப்பின் செர்பியா, செக், ஸ்பெயின், கனடா என்று ஒவ்வொரு முறையும் வாசல்வரை போய்த் திரும்பினோம்.

இரட்டையர் இருக்க, ஒற்றையர் எங்கே?

எங்கே பிசகியது? இரட்டையரில் உலகத் தரத்தில் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஐந்தில் ஒரு புள்ளிதான் இரட்டையர். மிச்ச நான்கும் ஒற்றையர். லியாண்டருக்குப்பின் சோம்தேவ், யூகி பாம்ப்ரி, ராம்குமார் ராமநாதன், பிரஜ்னேஷ் குணேஸ்வரன், சுமித் நாகல் என்று திறமைசாலிகள் வந்தார்கள். பிரஜ்னேஷ் 2019-இலும் நாகல் 2024-இலும் உலகின் முதல் நூறு இடங்களுக்குள் போனார்கள். ஆனால் ஒரே நேரத்தில் இருவர் அங்கே நிலைத்து நிற்கவில்லை. ஒருவருக்குக் காயம்பட்டால் அணி ஆட்டம் கண்டுவிடும்.

ஆட்டக்காரர்களுக்கும் டென்னிஸ் சங்கத்துக்கும் இடையே இருந்த கசப்பும் அணியைத் தின்றது. லியாண்டர் – பூபதி பிளவு 2012 ஒலிம்பிக் தேர்வில் நாட்டின் முன் வெடித்தது. 2013-இல் முன்னணி ஆட்டக்காரர்கள் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் நடைமுறைகளை எதிர்த்து ஒதுங்கிக்கொள்ள, தென்கொரியாவுக்கு எதிராக இரண்டாம்நிலை அணியோடு இறங்கி 4-1 என்று தோற்றோம். 2023 தொடக்கத்தில் டென்மார்க்கிடம் தோற்று உலகப் பிரிவு இரண்டு என்ற கீழ்நிலைக்கு இறங்கினோம். மூன்று முறை இறுதிச் சுற்றை எட்டிய நாட்டுக்கு அது சிறுமை.

இதற்கிடையே நம் மண்ணில் இருந்த ஒரே ஏடிபி (ஆடவர் தொழில்முறைச் சுற்று) போட்டியும் கையைவிட்டுப் போனது. 1997 முதல் 2017 வரை ஒவ்வோர் ஆண்டும் சென்னையில் நடந்த சென்னை ஓப்பனில் நடாலும் வாவ்ரிங்காவும் ஆடினார்கள். வாவ்ரிங்கா நான்கு முறை பட்டம் வென்றார். நம் இளைஞர்களுக்கு அது வெறும் வேடிக்கை அல்ல. வைல்டு கார்டு மூலம் நுழைந்த சோம்தேவ் 2009-இல் இறுதிவரை போனார். அந்தப் போட்டி புனேவுக்கு மாறி, 2023 ஜனவரியோடு நின்றுபோனது. விசா, விமானம், விடுதி எதுவும் இல்லாமல் உலகத் தரத்தைத் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பு ஓர் ஆண்டுக்கு ஒரு வாரம் கிடைத்தது. அதுவும் இப்போது இல்லை.

பீல் நகரில் ஒரு மதுரைப் பையன்

இந்தப் பின்னணியில் 2025 செப்டம்பரைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், உள்ளரங்கில், சுவிஸ் அணிக்கு எதிராக உலகப் பிரிவு ஒன்று ஆட்டம். தலைவர் ரோகித் ராஜ்பால் முதல் ஆட்டத்துக்கு அனுப்பியது மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷை. டேவிஸ் கோப்பையில் அவருக்கு அதுவே முதல் ஆட்டம். எதிரே தரவரிசையில் பல நூறு இடங்கள் முன்னால் இருந்த ஜெரோம் கிம். தக்ஷிணேஸ்வருக்கு உயரமான உடல், பலமான சர்வ், அடித்துவிட்டு முன்னேறும் துணிவு. 7-6, 6-3 என்று நேர் செட்களில் வென்றார். அடுத்து நாகல் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் எடுக்க, இந்தியா 3-1 என்று வென்றது. ஐரோப்பிய அணியொன்றை அதன் சொந்த மண்ணில் இந்தியா தோற்கடித்தது ஃப்ரேஜுஸுக்குப்பின் அதுவே முதல்முறை. இடையில் 32 ஆண்டுகள்.

முந்தைய ஆண்டு தொடக்கத்தில் இந்த அணி இஸ்லாமாபாத்திலும் நல்ல பெயர் வாங்கியது. இந்திய டேவிஸ் கோப்பை அணி பாகிஸ்தானுக்குப் போனது 60 ஆண்டுகளுக்குப்பின் அப்போதுதான். சென்னையின் ராம்குமார் முதல் செட்டை இழந்தபின் ஐசாம் குரேஷியை வென்றார். கோவையின் ஸ்ரீராம் பாலாஜியும் தன் ஒற்றையர் ஆட்டத்தை வென்றார். முடிவு 4-0. தமிழ்நாட்டின் பெயர் இந்த அணியில் இன்னும் முன்வரிசையில் இருக்கிறது.

மகிழ்ச்சியோடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தக்ஷிணேஸ்வரைச் செதுக்கியதில் அமெரிக்கக் கல்லூரி டென்னிசுக்குப் பெரும் பங்கு உண்டு. சோம்தேவும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடி, 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனவர்தான். அங்கே இலவசப் பயிற்சி, தினமும் போட்டி, உடற்பயிற்சியாளர், மருத்துவர், படிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. இங்கே அதை ஒரு தகப்பன் தன் சேமிப்பை உடைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. டி.கே. ராமநாதன் காலத்தில் அப்பாவின் உழைப்பு போதுமானதாக இருந்தது. இன்று பிள்ளை பதினைந்து வயதைத் தாண்டினாலே வெளிநாட்டுப் போட்டிகள், பயிற்சியாளர் சம்பளம், உடலியக்க நிபுணர் என்று செலவு எந்த நடுத்தரக் குடும்பத்தின் கையையும் மீறிப் போய்விடுகிறது.

இத்தாலி காட்டிய வழி

2019 பிப்ரவரியில் இத்தாலி அணி தகுதிச் சுற்றுக்காகக் கல்கத்தா வந்தது. அதே சவுத் கிளப். அதே புல்தரை. இந்தியா 3-1 என்று தோற்றது. நம் கோட்டை என்று நினைத்திருந்த புல்லே நம்மைக் காப்பாற்றவில்லை என்பது ஒரு பாடம். அதைவிடப் பெரிய பாடம் அதன்பின் நடந்தது. அன்று நம்மோடு ஒரே தகுதிச் சுற்றில் நின்ற இத்தாலி 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் டேவிஸ் கோப்பையை வென்றது. கடைசி ஆண்டில் தன் மிகப் பெரிய ஆட்டக்காரர் யானிக் சின்னர் இல்லாமலே வென்றது.

சின்னர் போன்ற ஒருவர் பிறப்பதை யாரும் திட்டமிட முடியாது. அவர் இல்லாதபோதும் வெல்லும் அணியைத் திட்டமிட முடியும். இத்தாலிய டென்னிஸ் கூட்டமைப்பு செய்தது எளிமையானது. நாடெங்கும் ஏடிபி சுற்றுக்குக் கீழ்நிலையில் உள்ள சேலஞ்சர் போட்டிகளையும் அதற்கு அடுத்த நிலைப் போட்டிகளையும் வரிசையாக நடத்தியது. தனிப் பயிற்சியாளரோடு வளரும் பிள்ளையைத் தன் கூடாரத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்தாமல், அவர் இருக்கும் இடத்திலேயே உதவியது. இத்தாலிய இளைஞர் ஒருவர் ஊரைவிட்டு அதிகம் போகாமலே தரவரிசைப் புள்ளிகளைச் சேர்க்க முடிந்தது. ஒரு தலைமுறை முழுவதும் ஒன்றாக மேலே வந்தது.

இங்கேயும் அது முடியாத காரியம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் சேலஞ்சர்களை நம் நகரங்களில் நடத்த வேண்டும். சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு, புனே, கல்கத்தா ஆகிய ஊர்களில் ஆடுகளங்களும் பார்க்க வரும் ரசிகர்களும் இருக்கிறார்கள். பதினாறு வயதில் உள்ள சிறந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய பயிற்சியாளரின் சம்பளத்தையும் பயணச் செலவையும் ஐந்தாண்டுகளுக்குச் சங்கமும் அரசும் ஏற்க வேண்டும். களிமண் தரைகளை அமைக்க வேண்டும். கோதென்பர்கில் கற்ற பாடத்துக்கு இன்னும் நாம் பதில் எழுதவில்லை. ஆட்டக்காரர்கள் சங்கத்தை எதிர்த்து ஒதுங்கும் நிலை இனி வராதபடி தேர்வும் பண விவகாரங்களும் எல்லோருக்கும் தெரியும்படி நடக்க வேண்டும்.

டேவிஸ் கோப்பையும் மாறிவிட்டது. ஐந்து செட்கள் மூன்றாகச் சுருங்கின. மூன்று நாட்கள் இரண்டாயின. கடைசிச் சுற்றுகள் ஒரே ஊரில் நடக்கின்றன. பழைய கோப்பையின் மணம் போய்விட்டதே என்று வருந்துவோர் பலர்; அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று செட் ஆட்டத்தில் ஒரு நாள் பொங்கி எழும் இளைஞர் பெரிய பெயர்களை வீழ்த்துவது முன்பைவிட எளிது. பீல் அதைத்தான் காட்டியது. சின்ன அணிகளுக்கு இந்த மாற்றம் ஒரு வாய்ப்பு. அதைப் பிடித்துக்கொள்ள நம்மிடம் ஓர் ஆள் மட்டும் இருந்தால் போதாது. நாலைந்து பேர் வேண்டும்.

டி.கே. ராமநாதனும் மேகி அமிர்தராஜும் யாரிடமும் உதவி கேட்டு நிற்கவில்லை. தங்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் நாட்டை மூன்று முறை உலகின் உச்சிக்கு அருகில் கொண்டுபோனார்கள். அவர்கள் செய்ததைப் போற்றுவது எளிது. அந்தச் சுமையை இனியும் வீடுகளின் தலையிலேயே விட்டுவைப்பது நியாயமில்லை. மதுரையிலோ கோவையிலோ இன்று ராக்கெட்டைத் தூக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு, அப்பாவின் வருமானம் எவ்வளவு என்பது எல்லையாக இருக்கக்கூடாது. அந்த எல்லையை அகற்றும் பொறுப்பு சங்கத்துக்கும், அரசுக்கும், விளையாட்டில் பணம் போடும் நிறுவனங்களுக்கும் இருக்கிறது. அவர்கள் அதை ஏற்றால், நான்காவது இறுதிப்போட்டியைப் பார்க்கும் வாய்ப்பு நம் காலத்திலேயே நமக்குக் கிடைக்கும்.